பாறையில் சிக்கிய எண்ணெயும் பாலாற்றில் கலந்த குரோமும்: நம் பிள்ளைகளுக்கான ஒரு படிப்பு

ப்ளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதி வீடுகளில் பேச்சு ஒன்றுதான். பிள்ளையை மேற்கொண்டு என்ன படிக்க வைப்பது? டாக்டர், கம்ப்யூட்டர், பி.காம் என்று நாலைந்து பெயர்களைச் சுற்றியே பேச்சு நடக்கும். எதுவும் அமையாவிட்டால் தோல் தொழில் இருக்கிறது, இல்லையென்றால் வளைகுடா இருக்கிறது என்று முடியும்.

வளைகுடாவுக்கு நம் குடும்பங்கள் அனுப்பிய ஆட்களுக்குக் கணக்கில்லை. அந்த நாடுகள் கொடுக்கும் சம்பளத்துக்கு அடிப்படை எண்ணெய் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த எண்ணெய் பூமிக்குள்ளிருந்து எப்படி மேலே வருகிறது, வராமல் உள்ளேயே தங்கிவிடும் எண்ணெயை எடுக்க யார் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று நாம் அதிகம் யோசித்ததில்லை. அந்த வழியைத் தேடுவதற்கென்றே பெட்ரோலியப் பொறியியலில் ஓர் ஆய்வுத் துறை இருக்கிறது. அதற்குப் பெயர் மேம்பட்ட எண்ணெய் மீட்பு.

இந்தத் துறையைப் பற்றி நாம் எழுதுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதில் பயன்படும் ஒரு முக்கியமான வேதியியல், ஆம்பூர் தோல் டிரம்களில் தினமும் நடக்கும் அதே வேதியியல். அந்தத் துறை சந்திக்கும் கேள்வியும் பாலாற்றங்கரையில் நாம் சந்தித்த அதே கேள்விதான்: பூமிக்குள் ஒரு பொருளை அனுப்பினால் அது எங்கே போகும்?

எண்ணெய் ஏரியாகக் கிடப்பதில்லை

பூமிக்கு அடியில் எண்ணெய் ஒரு பெரிய ஏரி போலக் கிடக்கிறது, குழாய் போட்டு உறிஞ்சினால் வந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. ஒரு செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் அது தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்திருப்போம். வெளியே எடுத்தால் கல் காய்ந்த கல் போலவே தெரியும், ஆனால் உள்ளே நீர் இருக்கும். எண்ணெயும் இப்படித்தான். மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றுக்குள் கச்சா எண்ணெய் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

புதிதாகக் கிணறு தோண்டும்போது உள்ளே இருக்கும் இயற்கை அழுத்தம் எண்ணெயைத் தானாகவே மேலே தள்ளும். இது முதல் கட்டம். மொத்த எண்ணெயில் சுமார் 10 சதவீதம்தான் பெரும்பாலும் இதில் கிடைக்கும். அழுத்தம் குறைந்ததும் பக்கத்தில் வேறு கிணறுகள் தோண்டி, அவற்றின் வழியாகத் தண்ணீரை உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ளுவார்கள். இது இரண்டாம் கட்டம். இரண்டும் சேர்ந்தாலும் உலக அளவில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான் வெளியே வருகிறது. மீதி மூன்றில் இரண்டு பங்கு, கண்டுபிடித்து, கிணறு தோண்டி, செலவெல்லாம் செய்த பிறகும் பாறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அப்படியிருக்க, ஏற்கெனவே கண்டுபிடித்த வயல்களில் தங்கியிருக்கும் எண்ணெயில் கொஞ்சம் கூடுதலாக எடுத்தாலும் அது பெரிய விஷயம். இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் மேம்பட்ட எண்ணெய் மீட்பு என்கிறார்கள். 2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இதற்கென்றே ஒரு ஊக்குவிப்புக் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது.

பிரியாணி தேக்சா கழுவுவது போல

இந்த மூன்றாம் கட்டத்தில் என்ன செய்கிறார்கள்? நம் வீட்டுப் பெண்களுக்கு இது சொல்லாமலே புரியும். விருந்து முடிந்ததும் பிரியாணி தேக்சாவில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொழுப்பு போகுமா? தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், கொழுப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர் ஊற்றினால் இளகும். சோப்புப் போட்டால் விட்டுப் பிரியும். பாறைக்குள்ளும் ஏறக்குறைய இதே வழிகள்தான்.

முதலாவது, சூடு. நீராவியை உள்ளே செலுத்தி, தார் போல் கெட்டியான எண்ணெயை இளக்குவார்கள். அல்லது உள்ளே காற்றைச் செலுத்தி எண்ணெயின் ஒரு சிறு பகுதியைப் பாறைக்குள்ளேயே எரியவிட்டு, அந்தச் சூட்டில் மற்றதை ஓடவைப்பார்கள். குஜராத்தில் மெஹ்சானா பகுதியில் உள்ள பாலோல், சந்தால் வயல்களில் ஓஎன்ஜிசி நிறுவனம் 1990-களில் இருந்து இந்த முறையைக் கையாண்டு வருகிறது.

இரண்டாவது, வாயு. கார்பன் டை ஆக்சைடு எண்ணெயில் கலந்தால் எண்ணெய் உப்பி, இலகுவாக ஓடும்.

மூன்றாவது, வேதிப்பொருள். சோப்பு போன்ற பொருள்கள் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே உள்ள இழுவிசையைக் குறைத்து, துளைகளில் சிக்கிய துளிகளை விடுவிக்கும். பாலிமர் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் தண்ணீரைக் கஞ்சி போலக் கெட்டியாக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஓரிரு கிராம் பாலிமர் கலந்தாலே அது பல மடங்கு கெட்டியாகிவிடும்.

தண்ணீரை ஏன் கெட்டியாக்க வேண்டும்? இளகிய தண்ணீர் கெட்டியான எண்ணெயைத் தள்ளாது. அதற்கு நடுவே விரல் விட்டது போல வழி பிளந்துகொண்டு மறுபக்கக் கிணற்றுக்குப் போய்விடும். கெட்டியான தண்ணீர்தான் எண்ணெயை ஒரு சுவர் போலச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும்.

ராஜஸ்தானில் பார்மர் மாவட்டத்தில் 2004-ல் மங்களா என்ற பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 2009-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. 2010-களின் நடுப்பகுதியில் பாலிமர் கலந்த நீரைப் பெரிய அளவில் செலுத்தத் தொடங்கினார்கள். இன்று உலகின் மிகப் பெரிய பாலிமர் திட்டங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது.

நம் உறவினர்கள் வேலை செய்யும் நாடுகளிலும் இதே கதைதான். ஓமனில் மர்முல் வயலில் 2010 முதல் பாலிமர் நீர் செலுத்தப்படுகிறது. அங்கேயே அமல் வயலில், கண்ணாடிகளால் சூரிய ஒளியைக் குவித்து நீராவி உண்டாக்கும் மிராஹ் திட்டம் 2017-ல் செயல்பாட்டுக்கு வந்தது. சவூதியில் உஸ்மானியா பகுதியில் 2015-ல் கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் சோதனைத் திட்டம் தொடங்கியது. அபுதாபியில் 2016 முதல் ஒரு இரும்பு ஆலையின் புகையில் வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து எண்ணெய் வயலுக்கு அனுப்புகிறார்கள்.

ஆய்வாளர் செய்யும் வேலை என்ன?

எண்ணெய் ஆய்வாளர் என்றதும் பாலைவனத்தில் ஹெல்மெட் போட்ட மனிதர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் இந்த வேலையின் பெரும்பகுதி ஆய்வகத்தில் நடக்கிறது. கிணற்றிலிருந்து எடுத்த, விரல் நீளமுள்ள பாறைத் துண்டையோ, மணல் இறுக்கிய ஒரு குழாயையோ எடுத்துக்கொள்வார்கள். அதில் முதலில் உப்புநீரை நிரப்பி, பிறகு எண்ணெயை ஏற்றி, பூமிக்குள் இருக்கும் சூட்டையும் அழுத்தத்தையும் உண்டாக்குவார்கள். பிறகு தண்ணீர், அடுத்து மருந்து கலந்த நீர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, மறுமுனையில் எத்தனை மில்லி எண்ணெய் சொட்டுகிறது என்று அளப்பார்கள். ஒரு சோதனை முடிய நாள்கணக்கில் ஆகும். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை.

இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஜிதேந்திர சங்வாய், ஜி. சுரேஷ்குமார், துஷார் ஷர்மா ஆகியோர் 2010-களின் நடுப்பகுதியில் வெளியிட்ட ஆய்வுகள் இத்தகையவை. பாலிமரும் சோப்புப் பொருளும் கலந்த நீர், பூமிக்குள் உள்ள சூட்டில் தன் வலிமையை இழந்துவிடுவது ஒரு பழைய சிக்கல். அவர்கள் அதில் சிலிகாவின் நானோ துகள்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிலிகா என்பது மணலில் இருக்கும் அதே பொருள்தான். அந்தத் துகள்கள் சேர்ந்த கலவை சூட்டைக் கூடுதலாகத் தாங்கியது, துகள் இல்லாத கலவையைவிட அதிக எண்ணெயையும் வெளியே கொண்டுவந்தது.

டிரம்மில் நடப்பதும் கிணற்றில் நடப்பதும்

இப்போது ஆம்பூருக்கு வருவோம். வேலூர், ஆம்பூர் பூமிக்கு அடியில் எண்ணெய் இல்லை. இங்கே இருப்பது மிகப் பழைய கடினப் பாறை. தமிழ்நாட்டில் எண்ணெய் இருப்பது காவிரிப் படுகையில், நரிமணம் பக்கம். ஆனால் எண்ணெய் இல்லாத இந்த ஊர்களில் எண்ணெய் வயலின் வேதியியல் இருக்கிறது.

ஒரு காலத்தில் நம் பெரியவர்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோம் வந்தது. சென்னையில் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியால்தான். டிரம்மில் தோலோடு குரோம் உப்பைப் போட்டுச் சுழற்றும்போது, தோலில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளில் இருக்கும் கார்பாக்சில் என்ற பகுதிகளை குரோம் பிடித்துக்கொள்கிறது. ஒரு இழையையும் இன்னொரு இழையையும் கொக்கி போட்டதுபோல் கட்டிவிடுகிறது. பச்சைத் தோல் 60, 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். நன்றாக குரோம் ஏறிய தோல் கொதிக்கும் நீரிலும் சுருங்காது. டேனரியில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

எண்ணெய் வயலில் இதே வேலையை குரோம் வேறு விதமாகச் செய்கிறது. பழைய வயல்களில் பாறை விரிசல்கள் வழியாகத் தண்ணீர் சுலபமாக ஓடிவிடும். எண்ணெய் இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்காது. கிணற்றில் பத்து வாளி வந்தால் ஒன்பது வாளி தண்ணீராகவே இருக்கும் வயல்களும் உண்டு. அந்த விரிசலை அடைக்க வேண்டும். 1980-களில் அமெரிக்காவின் மாரத்தான் எண்ணெய் நிறுவனத்தில் ராபர்ட் சிடான்ஸ்க் என்ற ஆய்வாளர் ஒரு முறையை உருவாக்கினார். பாலிமர் கரைசலோடு குரோமியம் அசிடேட் சேர்த்து உள்ளே செலுத்தினார். பாலிமர் சங்கிலிகளிலும் தோலில் உள்ளதைப் போன்ற கார்பாக்சில் பகுதிகள் உண்டு. குரோம் அவற்றைப் பிடித்துக் கட்டுகிறது. தண்ணீராக உள்ளே போன கரைசல் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஜெல்லி போல உறைந்து விரிசலை அடைத்துவிடுகிறது. பிறகு செலுத்தும் தண்ணீர் வேறு வழியின்றி எண்ணெய் இருக்கும் பக்கம் திரும்புகிறது.

இன்னும் ஒரு ஒற்றுமை. டிரம்மில் குரோம் அவசரப்பட்டு மேல்தோலிலேயே கட்டிக்கொண்டால் உள்பக்கம் பச்சையாகவே நின்றுவிடும். அதனால் ஃபார்மேட் போன்ற பொருளைச் சேர்த்து குரோமின் வேகத்தைக் குறைத்து, உள்ளே ஊறிய பிறகு சோடா உப்புக் கொடுத்துக் கட்டவிடுவார்கள். எண்ணெய் வயலில் அசிடேட் செய்யும் வேலையும் இதுதான். கிணற்று வாசலிலேயே உறைந்துவிடாமல் தூரம் போய் உறைய வைக்கிறது. நம் டேனரிகளில் படிப்பறிவு குறைந்த ஒரு மேஸ்திரிக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த விஷயம், உலகின் எண்ணெய் நிறுவனங்கள் பெரும் பொருள் செலவழித்துக் கற்றுக்கொண்ட விஷயம்.

பாலாறு சொல்லும் பாடம்

இந்த ஒற்றுமையைச் சொல்லிப் பெருமைப்பட்டு நிறுத்திவிட்டால் அது முழு உண்மையாகாது. குரோமுக்கு இரண்டு முகம் உண்டு. டேனரியில் பயன்படும் மூன்று இணைதிற குரோம் தீங்கு குறைந்தது. ஆறு இணைதிற குரோம் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நஞ்சு. தோல் தொழிலில் 1884-ல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் கொண்டுவந்த முதல் முறையில் அந்த நச்சு வடிவம்தான் பயன்பட்டது. 1893-ல் மார்ட்டின் டென்னிஸ் நேரடியாக மூன்று இணைதிற குரோமைப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். எண்ணெய் வயலிலும் ஆரம்பத்தில் நச்சு குரோமைத்தான் செலுத்தினார்கள். அதன் ஆபத்து காரணமாகவே பின்னர் குரோமியம் அசிடேட்டுக்கு மாறினார்கள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, நச்சு குரோம் மண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே இருக்கும் சாட்சி.

டேனரிக் கழிவுநீரில் குரோம் மட்டுமல்ல, தோலைப் பதப்படுத்தும் உப்பும் ஏராளம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழாகிவிட்டது என்பதும் அந்தத் தீர்ப்பில் பதிவானவை. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். 2025 ஜனவரி 30 அன்றும் பாலாறு தொடர்பாக உச்ச நீதிமன்றம் மீண்டும் பேசியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க உத்தரவிட்டது.

இந்தத் தொழில் நம் சமுதாயத்துக்குச் சோறு போட்டது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் கட்டியது. அதே நேரத்தில் கிணற்று நீர் உப்பாகிப் போன விவசாயியும் நம் பக்கத்து ஊர்க்காரர்தான். சில இடங்களில் நம் சொந்தக்காரரே. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. சவ்வு வடிகட்டல் வந்துவிட்டது. குரோமைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறையைச் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கற்றுக்கொடுத்தது. ஆனாலும் ஏற்கெனவே மண்ணுக்குள் போனது அங்கேயேதான் இருக்கிறது.

எடுக்கத் தெரிந்தவரே சுத்தம் செய்யவும் முடியும்

எண்ணெய் ஆய்வு நமக்கு நேரடியாகத் தேவைப்படும் இடம் இதுதான். பாறைக்குள் எண்ணெய் எப்படி ஓடும் என்று கணக்கிட உதவும் அடிப்படை விதியை 1856-ல் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுதினார். அவர் எழுதியது எண்ணெய்க்காக அல்ல. தன் ஊரான திஜோனின் குடிநீரை மணலில் வடிகட்டுவதற்காக. பாலாற்று மணலுக்குள் உப்பும் குரோமும் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்று கணக்கிடவும் அதே விதிதான்.

1990-களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹில் என்ற விமானப்படைத் தளத்தின் நிலத்தடியில் கரைப்பான் கழிவுகள் இறங்கிப்போய் நீரைக் கெடுத்திருந்தன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெட்ரோலியப் பொறியியல் பேராசிரியர் கேரி போப்பும் அவருடைய குழுவினரும் அங்கே நடந்த சோதனையில் பங்கெடுத்தார்கள். எண்ணெயை விடுவிக்கப் பயன்படும் அதே சோப்புக் கரைசல் முறையால், சோதனைப் பகுதியில் இருந்த கரைப்பானின் பெரும்பகுதியை வெளியே எடுத்தார்கள். நச்சு குரோமை நிலத்துக்குள்ளேயே தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாற்றும் மருந்தைச் செலுத்தும் முறைகளும் உலகில் பல இடங்களில் கையாளப்படுகின்றன. அந்த மருந்து போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருமா, வழியில் விரிசலில் ஓடிவிடுமா என்ற கேள்வி, எண்ணெய் ஆய்வாளர் தினமும் கேட்கும் கேள்விதான்.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் தேவை. வேதியியலை மனப்பாடம் செய்து தப்பிக்கும் பிள்ளைக்கு இந்தத் துறை சரிப்படாது. பெட்ரோலியப் பொறியியலை நேரடியாகப் படிக்க தன்பாத் ஐஐடியும், உத்தரப் பிரதேசத்தில் உள்ள ராஜீவ் காந்தி பெட்ரோலியத் தொழில்நுட்ப நிறுவனமும் பெயர் பெற்றவை. இவற்றுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு எழுத வேண்டும். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் பெட்ரோலிய ஆய்வுகளுக்குத் தனித் துறை உண்டு.

அங்கெல்லாம் இடம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். வேதிப் பொறியியலோ வேதியியல் பட்டமோ படித்துவிட்டு, மேற்படிப்பில் இந்தத் துறைக்கு வரலாம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும் ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரியும் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் நம் வாசலில்தான் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். முன்னால் சொன்னது போல வேலையின் பெரும்பகுதி ஆய்வகத்திலும் கணினியிலும்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். எண்ணெய் விலை விழும்போது இந்தத் துறையில் வேலைகளும் விழும். உலகம் மெல்ல மெல்ல வேறு எரிசக்திக்கு மாறிக்கொண்டும் இருக்கிறது. எண்ணெயை மட்டும் நம்பி யாரும் இதைப் படிக்க வேண்டாம். பாறைக்குள் திரவங்கள் நகரும் விதத்தைக் கற்றவருக்கு, கார்பன் டை ஆக்சைடை நிலத்தடியில் பூட்டி வைப்பதிலும், நிலத்தடி நீரைப் பாதுகாப்பதிலும் வேலை இருக்கிறது.

மாநிலத்தில் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளுக்கு குரோம் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. நம் பிள்ளைகள் அதன் நீல நிறத்தைத் தோலில் பார்த்து வளர்ந்தவர்கள், அதன் கெடுதியைக் கிணற்றில் ருசித்தவர்கள். அடுத்த முறை வீட்டில் மேற்படிப்புப் பேச்சு எழும்போது இந்தத் துறையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாலாற்று நீரைச் சோதித்து, எங்கே என்ன செலுத்தினால் அது தேறும் என்று சொல்லும் ஆய்வாளர், இன்ஷா அல்லாஹ், நம் வீடுகளில் ஒன்றிலிருந்தே வரட்டும்.